குதிகாலுக்கு ஈரம், விரலிடுக்குக்கு உலர்வு: பாதத்தில் வரும் தொல்லைகளும் அவற்றின் காரணங்களும்

குதிகால் வெடித்திருந்தால் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். விரலிடுக்கில் அரிப்பென்றாலும் அதே எண்ணெய்க் கிண்ணம்தான் வருகிறது. குதிகாலில் அது நல்லது. விரலிடுக்கிலோ, ஏற்கெனவே ஊறிப்போன தோலை அது இன்னும் ஊறவைக்கிறது. கால் ஆணிக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டரும் அப்படித்தான். ஒருவருக்கு அது ஆணியைக் கரைக்கிறது; சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன இன்னொருவருக்கு ஆழமான புண்ணை உண்டாக்குகிறது. பாதத்தைப் பற்றிக் கேள்விப்படும் அறிவுரைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம். எந்த இடம், யாருடைய கால், அங்கே நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால்தான் எதைத் தடவுவது, எதைத் தவிர்ப்பது என்று முடிவு செய்ய முடியும்.

## பாதத்தின் அமைப்பு: மூன்று அடிப்படைகள்

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. சாதாரணமாக நடக்கும்போதே ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைவிடச் சற்று அதிகமான விசை பாதத்தில் இறங்குகிறது. ஓடும்போது அது இரண்டு மூன்று மடங்காகும். இதைத் தாங்கும் பாதத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை மூன்று விஷயங்களைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

1. அழுத்தம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தமோ உராய்வோ விழுந்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. காய்ப்பு, கால் ஆணி, வெடிப்பு எல்லாம் இங்கிருந்து தொடங்குகின்றன.

2. ஈரம். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக உண்டு. ஆனால் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. எனவே காற்று படும் குதிகால் எளிதில் வறண்டுபோகிறது. காற்றே படாத விரலிடுக்கு ஈரமாகவே கிடக்கிறது. ஒரே பாதத்தில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு நேரெதிரான கவனிப்பு தேவைப்படுவது இதனால்தான்.

3. உணர்ச்சி. கல் குத்தினால் காலைத் தூக்குகிறோம், செருப்பு கடித்தால் கழற்றுகிறோம். இந்த எச்சரிக்கை இருக்கும்வரை பாதத்தில் வரும் சிறு காயங்கள் சிறியவையாகவே முடிகின்றன. அது போய்விட்டால் மேலே சொன்ன இரண்டும் ஆபத்தாக மாறுகின்றன.

## பித்தவெடிப்பு

பெயரில் பித்தம் இருந்தாலும் இங்கே நடப்பது பெரும்பாலும் இயந்திரக் கணக்குதான். குதிகாலின் அடியில் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. எடை இறங்கும்போது அது பக்கவாட்டில் பிதுங்கும். தோல் மிருதுவாக இருந்தால் கூடவே விரியும். வறண்டு தடித்திருந்தால் விரிய முடியாமல் பிளக்கும். பின்பட்டை இல்லாத ஹவாய் செருப்பு போடுகிறவர்களுக்கும், சமையலறையிலோ கடையிலோ நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களுக்கும், உடல் எடை கூடியவர்களுக்கும் இது அதிகம் வருவது இப்படித்தான். தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை நோய், சொரியாசிஸ், கரப்பான் ஆகியவற்றாலும் குதிகால் வெடிக்கலாம். உள்ளங்கால் முழுவதும் செதில் செதிலாக உரிந்தால் பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம்.

காரணம் புரிந்தால் செய்யவேண்டியதும் தெளிவு. முதலில் தோலை மிருதுவாக்கவேண்டும், அப்புறம் ஈரத்தை உள்ளேயே பூட்டவேண்டும். இரவில் காலைக் கழுவித் துடைத்தவுடன், ஈரப்பசை கொஞ்சம் இருக்கும்போதே, யூரியா 10 முதல் 25 சதவீதம் உள்ள களிம்பையோ வெறும் வாசலினையோ தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுத்தால் இரண்டு மூன்று வாரங்களில் வித்தியாசம் தெரியும். தேங்காய் எண்ணெயும் உதவும், தடித்த தோலுக்கு மட்டும் அது போதாது. துவைக்கிற கல்லில் குதிகாலைத் தேய்ப்பதும், பிளேடால் சீவுவதும் வேண்டாம். சொரசொரப்பான கல்லில் ரத்தம் வரத் தேய்த்தால் தோல் இன்னும் தடிமனாகத்தான் வளரும். வெடிப்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிந்தால் அது கிருமிகளுக்கான வாசல். அதற்கு மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

## விரலிடுக்கு: சேற்றுப்புண்

வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு வரும் புண் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இன்று அது ஷூவும் சாக்ஸும் போட்டு 10 மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வருகிறது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக இருப்பதால் அந்த இடுக்குகளில்தான் முதலில் தொடங்கும். தோல் வெள்ளையாக ஊறி, உரிந்து, அரிக்கும், நாற்றம் வரும். மெட்டிக்கு அடியில் சோப்பும் தண்ணீரும் தங்கி அங்கேயும் இதே நிலை ஏற்படுவதுண்டு. குளித்தபின் மெட்டியை நகர்த்தி அடியில் துடைப்பது இதற்காகத்தான்.

பெரும்பாலும் காரணம் பூஞ்சை. சில நேரம் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். டெர்பினஃபைன் களிம்பு பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வாரம், குளோட்ரிமசோல் என்றால் நான்கு வாரம் வரை போடச் சொல்வார்கள். அரிப்பு நின்ற மூன்றாம் நாளே களிம்பை மூடிவைத்துவிடுவதுதான் இது திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரிய காரணம். அரிப்பு நின்றாலும் பூஞ்சை தோலுக்குள் மிச்சமிருக்கும்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று நம் ஊர் மருந்துக்கடைகளில் தினமும் நடக்கிறது. அரிப்பு என்று சொன்னதும் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி மூன்றும் கலந்த களிம்பு ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் போன்ற பெயர்கள் அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்ட அன்றே அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும், ஏனென்றால் ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பையே அடக்குகிறது. எதிர்ப்பு அடங்கியதும் பூஞ்சை தாராளமாகப் பரவுகிறது. பரவிய பிறகு அதன் வழக்கமான வட்ட வடிவமும் மாறிப்போவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிறது. இந்தச் சிக்கல் பெருகியதால்தான் 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்கவேண்டிய பட்டியலில் சேர்த்தது. வாங்குகிறவர்கள் கேட்காமல் இருந்தாலொழிய இந்த விற்பனை குறையாது. பாதப் பூஞ்சை அந்த இடத்தோடு நிற்பதுமில்லை. ஒரே துண்டால் காலையும் இடுப்பையும் துடைத்தால் தொடை இடுக்கில் படர்தாமரையாக வந்து உட்காரும்.

விரலிடுக்கில் உள்ள சின்ன விரிசல் பெரிய நோய்களுக்கும் வழிவிடுகிறது. திடீரென்று குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து, வீங்கி, சூடாகக் கொதிக்கும் செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்றின் கிருமி பலருக்கு நுழைவது இந்த இடுக்கு வழியாகத்தான். யானைக்கால் நோயிலும் இதே கதை. கொசு பரப்பும் புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுத்தபின், அந்தக் கால் மேலும் மேலும் வீங்குவதற்குக் காரணம் அடிக்கடி வரும் பாக்டீரியாத் தொற்றுகளே. எனவே வீக்கம் வந்துவிட்டவர்களுக்கு முக்கியமான சிகிச்சை, தினமும் சோப்பு போட்டுக் காலைக் கழுவி, விரல்களுக்கு இடையே ஒற்றித் துடைத்து, விரிசல்களைக் கவனிப்பது. இலங்கையில் யானைக்கால் நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. ஆனாலும் ஏற்கெனவே வீங்கிய கால்களோடு வாழ்கிறவர்களுக்கு அங்கேயும் இங்கேயும் இந்தக் கவனிப்பு வாழ்நாள் முழுக்கத் தேவை.

## காய்ப்பு, கால் ஆணி, மரு: மூன்றும் வேறு

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இவை வேறு வேறு.

1. காய்ப்பு: பரந்து, தட்டையாக, மஞ்சள் நிறத்தில் தடித்த தோல். பொதுவாக வலிக்காது.

2. கால் ஆணி: சின்ன வட்டம், நடுவில் உள்நோக்கிக் குவிந்த கெட்டியான மையம். மேலிருந்து நேராக அழுத்தினால் வலி அதிகம்.

3. மரு: வைரஸ் தொற்று. பக்கவாட்டில் இரு விரலால் கிள்ளினால் வலி அதிகம். தோலின் ரேகைகள் மருவின் மேல் தொடராமல் அறுந்திருக்கும். லேசாகச் சுரண்டினால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். மரு வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும், ஆணி தொற்றாது.

கால் ஆணியை வேரோடு பிடுங்கவேண்டும் என்று சொல்வார்கள். அதற்கு வேர் கிடையாது. அந்த இடத்தில் விழும் அழுத்தம் தொடர்ந்தால், அறுத்து எடுத்தாலும் சில மாதங்களில் மறுபடி வரும். கேட்கவேண்டிய கேள்வி, அழுத்தம் ஏன் அங்கே விழுகிறது என்பதுதான். செருப்பு இறுக்கமா? விரல் வளைந்திருக்கிறதா? உள்ளே ஏதாவது குத்தியிருந்து தங்கிவிட்டதா? செருப்பை மாற்றி, மெத்தென்ற அட்டை வைத்து, தடித்த தோலை ஊறவைத்து மெல்லத் தேய்த்துக் குறைத்தால் பெரும்பாலான ஆணிகள் அடங்கிவிடும். சாலிசிலிக் அமிலம் உள்ள பிளாஸ்டர் தோலைக் கரைக்கும், ஆனால் நல்ல தோல் எது, கெட்ட தோல் எது என்று அதற்குத் தெரியாது. எருக்கம்பால், சேங்கொட்டை வைப்பதும் ஆபத்து. இரண்டும் தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கக் கூடியவை.

## நகம்

நகத்தை நேராக வெட்டவேண்டும். ஓரத்தை வளைத்து உள்ளே தோண்டி வெட்டினால், வளரும் நகம் சதைக்குள் குத்தும், சீழ் வைக்கும். பெருவிரலில் இது அதிகம். நகம் மஞ்சளாகத் தடித்து உடைவதெல்லாம் பூஞ்சையால் என்று நினைக்கவேண்டாம். இப்படி மாறிய நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதற்கு முன் நகத்துணுக்கைப் பரிசோதித்துவிடுவது நல்லது. பாதத்து நகம் முழுதாக வளர ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். மருந்து வேலை செய்தாலும் நகம் அழகாக அவ்வளவு நாள் பிடிக்கும்.

## காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் வலி

படுக்கையிலிருந்து எழுந்து காலை ஊன்றும்போது சுரீரென்று வலிக்கும். பத்து அடி நடந்தால் குறையும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும். குதிவாதம் என்று சொல்லப்படுவது இதைத்தான். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை வில்லின் நாண்போல ஓடும் தடித்த தசைநார்ப் பட்டை, எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோவதே காரணம். எடை கூடுவது, கெண்டைக்கால் தசை இறுகியிருப்பது, கல்தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்பது ஆகியவை இதை வளர்க்கின்றன.

எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்று சொன்னதும் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்த முள் வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. அதை அறுத்து எடுக்கவேண்டிய அவசியம் மிக அரிது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் இந்த வலி அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிறது. பொறுமையோடு செய்யவேண்டியவை:

1. எழுவதற்கு முன், படுக்கையிலேயே கால்விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பிடிப்பது.

2. சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்து, கெண்டைக்காலை 30 விநாடி இழுப்பது. ஒரு நாளைக்குச் சில முறை.

3. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுவது. வெளியே போட்ட செருப்பை உள்ளே கொண்டுவர மனமில்லை என்றால் வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம்.

சூடான செங்கல்மேல் எருக்கிலை வைத்துக் குதிகாலை ஒற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இளஞ்சூட்டு ஒத்தடம் சிலருக்கு இதமாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் இதைச் செய்யவே கூடாது. இரண்டு குதிகாலிலும் வலி இருந்து, காலையில் இடுப்பும் நெடுநேரம் விறைத்திருந்தால் அது வேறு வகை மூட்டுநோயின் அடையாளமாக இருக்கலாம், பரிசோதிக்கவேண்டும்.

## வலிக்காத கால்

இதுவரை சொன்ன எல்லாமே, வலி தெரிகிற காலுக்கு. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணித்தது. இவர்களில் கணிசமானவர்களின் பாதத்தில் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கின்றன. அது மூன்று விதமாகக் காலைக் கெடுக்கிறது. உணர்ச்சி நரம்பு போனால் காயம் தெரியாது. தசை நரம்பு போனால் விரல்கள் வளைந்து புதிய இடங்களில் அழுத்தம் விழும். வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்பு போனால் தோல் வறண்டு வெடிக்கும். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் வந்த புண் ஆறாது.

வலி இல்லாததுதான் காலை அழிக்கிறது என்ற உண்மை உறுதியாக நிறுவப்பட்டதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்பதே அன்றைய பொது நம்பிக்கை. உணர்ச்சி இல்லாததால் அவர்களுக்கே தெரியாமல் ஏற்படும் காயங்களும், தொடர்ந்து விழும் அழுத்தமும், அதன்பின் வரும் தொற்றுமே விரல்களைத் தின்கின்றன என்று பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்துக் காட்டினார்கள். அந்தப் பணியோடு வளர்ந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் அறிந்த மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு. பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டால் அழுத்தத்தைப் பரப்பிப் புண்ணை ஆற்றும் முறையும் 1930களில் இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோயாளிகளுக்குச் செய்யப்பட்டதே. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட் இந்த அனுபவத்தை அங்கே கொண்டுசென்றார். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அது பயன்பட்டது. சமூகம் ஒதுக்கிவைத்த நோயாளிகளிடமிருந்து கற்றது இன்று உலகம் முழுக்கக் கால்களைக் காப்பாற்றுகிறது. மதிப்போடு நினைக்கவேண்டிய வரலாறு இது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலிக்காது. மருத்துவர் தானாகச் செய்யாவிட்டால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருப்பது தெரிந்தால் சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும்:

1. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கோடை மதியத்தில் கோயில் பிராகாரக் கருங்கல்லில் நடந்து, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சூடே தெரிந்திருக்காது. கோயிலுக்கு அதிகாலையிலோ இருட்டிய பின்போ போகலாம்; தடித்த காலுறை அணிய அனுமதி உண்டா என்று கேட்கலாம்.

2. வெந்நீரில் காலை ஊறவைக்கக் கூடாது. கழுவும் தண்ணீர் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. காலால் சூடு பார்க்காமல், வீட்டில் வேறு யாரையாவது முழங்கையால் பார்க்கச் சொல்லவேண்டும்.

3. ஆணிக்குப் பிளாஸ்டர், பிளேடு, எருக்கம்பால் எதுவும் கூடாது. இவர்களுக்குக் காய்ப்பு என்பதே புண்ணுக்கு முந்தைய கட்டம். அதை மருத்துவமனையில்தான் சீவவேண்டும்.

4. தரையில் படுக்கிறவர்கள் கொசுவலையை நன்றாகச் செருகிக்கொண்டோ, கட்டிலுக்கு மாறியோ படுப்பது நல்லது. மரத்துப்போன விரலை இரவில் எலி கடித்ததே தெரியாமல் காலையில் ரத்தத்தைப் பார்த்து எழுந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு பாதம் மட்டும் திடீரென்று சிவந்து, வீங்கி, சூடாகி, ஆனால் அவ்வளவாக வலிக்காமல் இருந்தால் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நடக்காதீர்கள். எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். நடக்க நடக்கப் பாதத்தின் வடிவமே குலைந்துவிடும்.

## செருப்பின் அளவு

சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்று தெரியவந்தது. அதன் அடிப்படையில் ‘பா’ என்ற புதிய இந்திய அளவுமுறை முன்வைக்கப்பட்டது. நம்மில் பலர் அகலம் போதாததால் ஒரு எண் நீளமான ஷூவை வாங்கி, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடப்பது இதனால்தான். கொப்புளமும் ஆணியும் நகக்காயமும் அங்கிருந்து வருகின்றன.

கடையில் பார்க்கவேண்டியவை சில. மாலையில் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நின்றுகொண்டு, இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். ஒரு கால் பெரிதாக இருந்தால் அதற்கேற்ற அளவுதான் வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடம் இருக்கவேண்டும். போகப் போகத் தளர்ந்துவிடும் என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள்.

## தினமும் செய்ய ஐந்து நிமிடம்

இரவில் படுக்கப்போகும் முன் சோப்பு போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றித் துடைத்து, குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் மட்டும் களிம்பு தடவுங்கள், இடுக்கில் வேண்டாம். அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லவேண்டும். ஷூ போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சாக்ஸை இரண்டாம் நாள் போடாதீர்கள்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ் அல்லது துர்நாற்றம், தோல் கறுப்பது, காய்ச்சல், ஒரு கால் மட்டும் திடீரென்று குளிர்ந்து வெளுப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால், வலி இல்லாத சின்னப் புண்ணுக்கும் இதே அவசரம்தான். மருத்துவர் காலைப் பார்க்கட்டும். மறுகாலின் செருப்பையும் சாக்ஸையும் சேர்த்தே கழற்றிக் காட்டுங்கள்.